பரணில் கிடக்கும் அறுபதுகளின் அமெரிக்க இதழ்கள்: இறக்கி, உலர்த்தி, தேதி பிடித்து வாசிப்பது எப்படி

பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் பழைய வீட்டை இடிக்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும் பரணிலிருந்து ஒரு கட்டு அமெரிக்க இதழ்கள் இறங்குவது உண்டு. வாத்தியார் வீடு, வக்கீல் வீடு, துறைமுகத்தில் வேலை பார்த்தவர் வீடு என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம். பெரிய அளவில் லைஃப், லுக், சாட்டர்டே ஈவினிங் போஸ்ட், மஞ்சள் கட்டம் போட்ட நேஷனல் ஜியாகிராஃபிக், கையடக்க ரீடர்ஸ் டைஜஸ்ட், டெல்லியில் இருந்த அமெரிக்கத் தகவல் சேவை 1960 நவம்பரில் தொடங்கிய ஸ்பேன் ஆகியவைதான் பெரும்பாலும் இருக்கும். சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1975-ல். அதற்கு முன் அமெரிக்க வீடு, கார், அடுப்படி, கலவரம், ராக்கெட் எல்லாம் இந்தத் தாள்களிலும் சினிமாக் கொட்டகையிலும்தான் இங்கே பார்க்கக் கிடைத்தன.

ஆச்சி "எடைக்குப் போடுலே" என்று சொல்வதற்குள் செய்யவேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம். அதற்கு முன் ஒரு விஷயம். கட்டுரையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு விளம்பரப் பக்கங்களைத் தூக்கிப் போடாதீர்கள். அன்றாட வாழ்க்கை இருப்பது விளம்பரத்தில்தான். அட்டை கிழிந்துபோன இதழுக்குத் தேதி கண்டுபிடித்துக் கொடுப்பதும் அதுவே.

எப்போது இறக்குவது

தை, மாசி நல்ல மாதங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காற்று உலர்ந்திருக்கும், சித்திரை வெயிலும் வந்திருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம். ஆனி, ஆடியில் நெல்லைப் பக்கம் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் ஈரம். மழையில் நனைந்த கட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றைக்கே இறக்கவேண்டும், அதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

இறக்கும்போது என்-95 முகக்கவசம் போடுங்கள். பூசணத் தூசி நெஞ்சுக்கு ஆகாது, ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்திலேயே வரவேண்டாம். கட்டின் சணல் கயிற்றை இழுத்து அவிழ்க்காமல் கத்தரியால் வெட்டுங்கள். அறுபது வருடக் கயிறு ஓரத்தில் பதிந்திருக்கும், இழுத்தால் தாள் கிழியும். கட்டை ஒற்றைக் கையால் தூக்காமல் அடியில் ஓர் அட்டை கொடுத்துத் தூக்குங்கள். லைஃப் சுமார் பத்தரை அங்குல அகலமும் பதினாலு அங்குலத்துக்குச் சற்றே குறைந்த உயரமும் உள்ளது. நடுவில் மடங்கினால் முதுகில் பின் (ஸ்டேப்ளர் கம்பி) அடித்த இடத்தில் அட்டை பிய்ந்துவிடும்.

இறக்கிய கட்டை உடனே மற்றப் புத்தகங்களோடு சேர்க்காதீர்கள். பத்தமடைப் பாயிலோ வெள்ளைத் துணியிலோ தனியாக ஒரு வாரம் வைத்து, தினமும் காலையில் அடியில் பாருங்கள். மணல் மாதிரிப் பொடி உதிர்ந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. மேல்தாளைச் சுரண்டியது போலவோ ஒழுங்கில்லாத ஓட்டைகளாகவோ இருந்தால் இராமபாணப் பூச்சி. மண் ஒட்டிய சுரங்கமாக இருந்தால் செல், அதாவது கரையான். செல் என்றால் இதழைச் சுத்தம் செய்வதோடு வேலை முடியாது. வந்த வழி சுவரில் இருக்கிறது, அதை அடைக்காமல் திரும்ப வைத்தால் ஒரே மழைக்காலத்தில் மிச்சமும் போய்விடும்.

பூச்சியைக் கொல்ல மருந்து அடிக்க வேண்டாம். கறை பிடிக்கும், வாசிக்கும்போது கையில் ஒட்டும். குளிர்தான் சிறந்த வழி. இரண்டு மூன்று இதழாகத் துணியில் சுற்றி, தடித்த பாலித்தீன் உறைக்குள் காற்றை நன்றாக வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். முட்டையும் சாகும். வெளியே எடுத்தபின் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்கட்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் முத்து முத்தாகப் படியும்.

வெயிலில் காயப்போடுவது நம் ஊர் வழக்கம். நெல்லுக்கும் வற்றலுக்கும் அது சரி. தாளுக்கு நேர்வெயில் கூடாது. மஞ்சளாகும், ஓரம் சுருளும், வண்ண அச்சில் சிவப்பு முதலில் வெளிறும். நிழலில், மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, நேராகப் படாத காற்றில் உலர்த்துங்கள்.

நனைந்த இதழ்

2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கும். அப்படி ஒன்று வந்தால் எல்லாத் தாளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ரீடர்ஸ் டைஜஸ்டின் உள்தாள் சாதாரணத் தாள், நனைந்தாலும் உலர்ந்தபின் பிரியும், நெளிசலோடு தப்பிக்கும். லைஃப், லுக், ஜியாகிராஃபிக் தாள்களுக்கு மேல் வெள்ளைக் களிமண் பூச்சு இருக்கிறது. அந்தப் பளபளப்பு அதனால் வருவதுதான். நனைந்தால் பூச்சு இளகும். பக்கத்தோடு பக்கம் ஒட்டி உலர்ந்துவிட்டால் செங்கல் ஆகிவிடும், அதற்குப் பின் யாராலும் பிரிக்க முடியாது. ஆகவே ஈரம் இருக்கும்போதே பிரிக்கவேண்டும். பூசணமும் இரண்டு மூன்று நாளில் கிளம்பிவிடும்.

கேக் தட்டில் விரிக்கும் பேக்கிங் தாளை இதழைவிட ஓர் அங்குலம் பெரிதாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தையல் சாமான் கடையில் கிடைக்கும் நான்-ஓவன் (நெய்யாத) துணியும் ஆகும். ஆனால் ஒரு பக்கம் இஸ்திரி போட்டால் ஒட்டுகிற ரகம் வேண்டாம், பசையில்லாதது என்று கேட்டு வாங்குங்கள். முதுகிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தாளுக்கும் இடையில் ஒன்றாகச் செருகிக்கொண்டே போங்கள். ஒரு இதழுக்கு நூறு பக்கம் என்றால் ஐம்பது தாள், பொறுமை வேண்டும். பிரிய மறுக்கிற தாளை நகத்தால் நெம்பாமல், பேக்கிங் தாளின் விளிம்பை மூலையில் நுழைத்துப் பைய முன்னே தள்ளுங்கள். பிறகு விசிறிக் காற்றில் விரித்து வைத்து, நனைந்த இடைத்தாளை நான்கைந்து மணிக்கொருமுறை மாற்றுங்கள்.

ஐம்பது இதழ் நனைந்திருக்கிறது, இரண்டு கைதான் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் பார்க்காதீர்கள். பெரிய உறைபெட்டி உள்ள ஐஸ்கிரீம் கடைக்காரரோ மீன் வியாபாரியோ தெரிந்தவராக இருந்தால் கேளுங்கள். ஈரத்தோடேயே ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டு உறைய வைத்துவிட்டால் பூசணமும் நிற்கும், ஒட்டுவதும் நிற்கும். வசதிப்பட்ட நாளில் ஒவ்வொன்றாக எடுத்து, பனி இளகி வரும்போது பிரிக்கலாம்.

துடைப்பது, பின் எடுப்பது, ஒட்டுவது

நனையாத இதழுக்குத் தண்ணீர் காட்டவே கூடாது. ஈரத்துணியால் அட்டையைத் துடைத்தால் பளபளப்பு துணியோடு வந்துவிடும். இரண்டு அங்குலப் புதுப் பெயின்ட் பிரஷ், மயிர் மிருதுவானது, போதும். முதுகிலிருந்து வெளி ஓரத்தை நோக்கி ஒரே திசையில் தட்டுங்கள். கையுறை தேவையில்லை. சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த விரல் கையுறையைவிட நல்லது, தாளின் கனம் தெரியும். தேங்காய் எண்ணெய் பட்ட கை மட்டும் கிட்டே வரக்கூடாது.

பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாள் வெட்டு, காய்ந்த பூ, பஸ் டிக்கெட், குண்டூசி எல்லாம் இருக்கும். செய்தித்தாள் மரக்கூழில் செய்தது, அதன் அமிலம் பக்கத்துத் தாளில் பழுப்பு நிழலாக இறங்கும். வெளியே எடுங்கள். எடுக்குமுன் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பென்சிலால் ஒரு துண்டுத்தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். அதிபர் கென்னடியின் மனைவி ஜாக்குலின் கென்னடி படம் இருந்த பக்கத்தில் உள்ளூர்ப் பத்திரிகை வெட்டு ஒன்று செருகியிருந்தால், அந்த வீட்டில் யார் எதைக் கவனித்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

லைஃப் வகை இதழ்களை நடுவில் மடித்து இரண்டு பின் அடித்திருப்பார்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் அந்தப் பின் துருப்பிடித்துத் தாளைச் சுற்றிலும் தின்றிருக்கும். நடுப்பக்கத்தை விரியுங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு துண்டு வெட்டிப் பின்னின் காலுக்கு அடியில் நுழையுங்கள், தாளுக்கு அதுதான் கவசம். முனை மழுங்கிய மெல்லிய கத்தியால் இரண்டு காலையும் நிமிர்த்துங்கள். பிறகு இதழைத் திருப்பி முதுகுப் பக்கமிருந்து பின்னை வெளியே இழுங்கள். உள்ளிருந்து இழுத்தால் துருவோடு அட்டையும் வரும். புதுப் பின் அடிக்காமல், பழைய ஓட்டை வழியாகவே வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து, ஒவ்வொரு பின்னின் இரண்டு ஓட்டைக்கும் தனித்தனியாக உள்பக்கம் முடிச்சுப் போடுங்கள். இறுக்கக் கட்டினால் நூலே தாளை அறுக்கும். ஜியாகிராஃபிக்கும் டைஜஸ்டும் வேறு வகை, பசை போட்ட முதுகு. அவற்றைப் பிரிக்கவும் வேண்டாம், மேசையில் தட்டையாக விரிக்கவும் வேண்டாம். சாய்மானம் கொடுத்துப் பாதி திறந்தே படியுங்கள்.

கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டாதீர்கள். ஏற்கெனவே ஒட்டியிருக்கிற டேப்பைப் பார்த்தாலே காரணம் தெரியும்: மேல்தாள் உரிந்து போயிருக்கும், பசை மட்டும் பழுப்பாக ஊறி நிற்கும். பைண்டிங் கடையில் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம், பூச்சி வராது என்பதற்காக. பூச்சி வராது, ஆனால் செம்பு உப்பு தாளை விரைவில் நொறுங்கச் செய்யும். கோதுமை ஸ்டார்ச் கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் மளிகைக் கடை கார்ன்ஃபிளவர். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், சிறு தீயில் இருபது நிமிடம் விடாமல் கிளறுங்கள். கண்ணாடிபோல் ஆனதும் ஆறவிட்டு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். நீளமான நார் உள்ள ஜப்பானியத் திசுத்தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழித்து, அதில் மிகக் குறைவாகப் பசை தடவி, கிழிசலின் மேல் வைத்து, பேக்கிங் தாளும் ஒரு கனமான புத்தகமும் மேலே வைத்துவிடுங்கள். களிமண் பூச்சுத் தாளில் பசை நீர்க்க இருந்தால் அச்சு கலையும், கெட்டியாகவே இருக்கட்டும்.

லாமினேஷன் செய்வது, பத்துப் பதினைந்து இதழைச் சேர்த்து பைண்டு போடுவது இரண்டும் கூடவே கூடாது. பைண்டுக்காரர் மூன்று ஓரத்தையும் மெஷினில் வெட்டுவார், பக்க எண்ணும் தேதியும் அந்த வெட்டில் போகும்.

அட்டை போன இதழுக்குத் தேதி பிடிப்பது

உள்ளடக்கப் பக்கம் இருந்தால் தேதி அதில் இருக்கும். அதுவும் போய்விட்டதா, விளம்பரங்களைப் பாருங்கள்.

முதலில் முகவரி. கூப்பனை வெட்டி அனுப்பச் சொல்லும் விளம்பரங்களில் ஊர்ப் பெயருக்கும் மாநிலத்துக்கும் நடுவில் ஒன்றிரண்டு இலக்கம் இருந்தால், உதாரணமாக "நியூயார்க் 20, என்.ஒய்." என்றால், அது பழைய தபால் மண்டல முறை. மாநிலத்துக்குப் பின்னால் ஐந்து இலக்கம் இருந்தால் ஜிப் கோடு, 1963 ஜூலை 1-ல் வந்தது. (நம் 627-ல் தொடங்கும் பின்கோடு 1972-ல்தான் வந்தது.) இங்கே ஓர் எச்சரிக்கை. ஜிப் கோடு இருந்தால் 1963 ஜூலைக்கு முந்தையது அல்ல என்பது உறுதி. இல்லாவிட்டால் முந்தையது என்று உறுதி கிடையாது, ஏனென்றால் எல்லா விளம்பரதாரரும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. தேதி பிடிக்கும்போது எல்லா அடையாளத்துக்கும் இந்த நியாயம்தான்: இருப்பது சாட்சி, இல்லாதது சந்தேகம்.

அடுத்தது கொடி. நட்சத்திர வரிசையை எண்ணுங்கள். எட்டு எட்டாக ஆறு நேர்வரிசை என்றால் 48, அது 1959 ஜூலைக்கு முந்தையது. ஏழு ஏழாக ஏழு வரிசை என்றால் 49. அந்தக் கொடி ஒரே வருடம்தான் இருந்தது, 1959 ஜூலை 4 முதல் 1960 ஜூலை 3 வரை. ஆறும் ஐந்தும் மாறி மாறி ஒன்பது வரிசை என்றால் 50, அதற்குப் பிந்தையது. பழைய புகைப்படத்தை மறுபடி அச்சிட்டிருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

தபால்தலை கண்ணில் பட்டால் உள்நாட்டுக் கடிதத்துக்கு 4 சென்ட் என்றால் 1963 ஜனவரி 7-க்கு முன், 5 சென்ட் என்றால் பின். தொலைபேசியில் வட்டச் சுழற்றிக்குப் பதில் பொத்தான்களைப் போட்டு விற்றால் 1963 நவம்பருக்குப் பின். பார்பி பொம்மை 1959, அதன் ஜோடி கென் 1961. சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது 1966 ஜனவரி 1 முதல். புகைப்பதால் நுரையீரல் புற்றுநோய் என்று அரசுத் தலைமை மருத்துவரின் அறிக்கை வந்தது 1964 ஜனவரி 11.

கார் விளம்பரத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். "1963-ன் புதிய செவர்லே" என்று பார்த்தவுடன் இதழை 1963-ல் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அமெரிக்காவில் அடுத்த வருட மாடல் இலையுதிர் காலத்திலேயே கடைக்கு வந்துவிடும். 1963 மாடலை முதன்முதலாக அறிவிக்கும் விளம்பரம் 1962 செப்டம்பர், அக்டோபர் இதழில் வரும். காரின் பின்பக்கத் துடுப்பையும் பாருங்கள். காடிலாக்கில் அது 1959-ல் உச்சம், பிறகு வருடா வருடம் தாழ்ந்துகொண்டே வந்தது. ஃபோர்டு மஸ்டாங் கண்ணில் பட்டால் 1964 ஏப்ரலுக்கு முந்தையதாக இருக்க வழியில்லை.

இன்னொரு சிக்கல், பதிப்பு. லைஃபுக்கு வெளிநாட்டுப் பதிப்பு தனியாக உண்டு, பதினைந்து நாளுக்கொருமுறை வந்தது. கட்டுரைகள் அமெரிக்க வாரப் பதிப்பிலிருந்து எடுத்தவை, விளம்பரங்கள் வேறு. விமானக் கம்பெனி, கைக்கடிகாரம், ஏற்றுமதி இயந்திரம் என்று நிறைந்திருந்து, சூப் டப்பாவும் சலவைத்தூளும் காணோம் என்றால் கையில் இருப்பது அதுதான். அமெரிக்க அடுப்படியைத் தெரிந்துகொள்ள அது உதவாது. ரீடர்ஸ் டைஜஸ்டின் இந்தியப் பதிப்பு 1954-லேயே தொடங்கிவிட்டது, அதன் விளம்பரங்கள் நம் நாட்டு விளம்பரங்கள்.

விலையை வாசிப்பது

வெறும் டாலர் எண் ஒன்றும் சொல்லாது. முதலில் ரூபாய்க்கு மாற்றுங்கள். 1966 ஜூன் 6-ல் ரூபாய் மதிப்பைக் குறைக்கும் வரை ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. 20 சென்ட் விலை போட்ட லைஃப் அன்றைக் கணக்கில் 95 நயா பைசா. இன்றைய டாலர் மதிப்பால் பெருக்கிப் பார்ப்பது வீண் வேலை.

அதைவிட நல்ல அளவுகோல் உழைப்பு மணி. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலராக இருந்தது. 1961 செப்டம்பரில் 1.15, 1963 செப்டம்பரில் 1.25 ஆனது. விளம்பர விலையை அதால் வகுங்கள். 200 டாலர் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி, 1.15 கூலிக்காரருக்கு 174 மணி நேரம். வாரம் 40 மணி என்றால் நான்கு வாரத்துக்கும் மேல். வண்ணத் தொலைக்காட்சி 500 டாலர் அளவில், கிட்டத்தட்ட பதினொரு வாரம். ஆகவே வீட்டில் எல்லாரும் வண்ணப் படத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் விளம்பரத்தைப் பார்த்து அன்றைய அமெரிக்க வீடு எல்லாம் அப்படி என்று எண்ணிவிட வேண்டாம். பத்தில் ஒன்பது வீட்டில் தொலைக்காட்சி இருந்தது உண்மை, வண்ணம் சிலர் வீட்டில்தான். பெட்ரோலோ வேறு கதை. கேலன் 31 சென்ட் அளவு, அவர்கள் கேலன் 3.785 லிட்டர். ஒரு மணிக் கூலியில் 14 லிட்டர். துடுப்பு வைத்த அத்தனை பெரிய கார் ஏன் ஓடியது என்பதற்குப் பாதி விடை இதிலேயே வந்துவிடுகிறது.

அந்தக் குறைந்தபட்சக் கூலியும் எல்லாருக்கும் கிடையாது. வயல் வேலைக்காரரும் வீட்டு வேலைக்காரரும் சட்டத்துக்கு வெளியே இருந்தார்கள், தெற்கு மாநிலங்களில் அவர்களில் பெரும்பகுதி கறுப்பின மக்கள். 1960-ல் அமெரிக்கக் குடும்பத்தின் நடு வருமானம் வருடத்துக்கு 5,600 டாலர் அளவு. வெள்ளையர் அல்லாத குடும்பத்துக்கு அது வெள்ளையர் குடும்பத்தின் பாதியைச் சற்றே தாண்டியது.

இதை இதழிலேயே பார்க்கலாம். 1963 மே 17 லைஃப் கிடைத்தால் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில் கறுப்பின மக்களுக்குச் சம உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவிய படங்கள் இருக்கும், சார்லஸ் மூர் எடுத்தவை. படத்தைப் பார்த்தபின் அதே இதழின் விளம்பரங்களைப் புரட்டி, கறுப்பு முகம் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த ஆண்டுகளின் எந்த லைஃபிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம், விடை பெரும்பாலும் ஒன்றுதான். சிகாகோவிலிருந்து 1945 முதல் வந்த எபனி அதே அளவில், அதே பளபளப்பில், கறுப்பின வாசகருக்காக நடந்தது. அது நம் ஊர்க் கட்டுகளில் அபூர்வம், கிடைத்தால் விடாதீர்கள்.

விளம்பரத்து மனைவி முத்துமாலையும் குதிகால் செருப்புமாக அடுப்படியில் நிற்பதையும் அப்படியே நம்பவேண்டியதில்லை. அன்றைக்கு அங்கே பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வெளியே வேலைக்குப் போனார்கள். சூடாக்கினால் போதும் என்று விற்ற உறைந்த சாப்பாட்டுத் தட்டு எதற்கு விற்றது என்று யோசித்தாலே புரியும்.

உள்ளூர்ப் பத்திரிகையோடு ஒப்பிடுவது

தினமலர் 1957-லேயே திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலிக்கு வந்துவிட்டது. நூலகத்திலோ வீட்டிலோ இதழ் வந்த அதே வருடத்துத் தமிழ்த் தாள்கள் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஆனால் நேரக் கணக்கைத் தவறவிடாதீர்கள். கிழக்கு அமெரிக்க நேரம் நமக்குப் பத்தரை மணி பின்னால், அங்கே கோடைக்காலக் கடிகாரம் ஓடும் மாதங்களில் ஒன்பதரை மணி.

விண்வெளி வீரர் ஜான் கிளென் 1962 பிப்ரவரி 20 காலை 9.47-க்குக் கிளம்பி மூன்று முறை பூமியைச் சுற்றினார். இங்கே இரவு 8.17, ஆகவே மறுநாள் தாளில் தேடுங்கள். கென்னடி டாலஸில் சுடப்பட்டது 1963 நவம்பர் 22 பகல் 12.30. டெக்சாஸ் நேரம் இன்னும் ஒரு மணி பின்னால், நமக்கு அது சரியாக நள்ளிரவு. 23-ம் தேதிக் காலைத் தாள் அதற்குள் அச்சேறியிருந்தால் செய்தி 24-ல்தான் இருக்கும்.

1962 அக்டோபரை ஒப்பிடுவது எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது. கியூபா ஏவுகணை பற்றிக் கென்னடி பேசியது 22-ம் தேதி மாலை 7 மணி, இங்கே 23 அதிகாலை நாலரை. அதற்கு இரண்டு நாள் முன்பே, 20-ம் தேதி, சீனப் படை நம் எல்லையில் இறங்கிவிட்டது. அமெரிக்க இதழில் கியூபா தலைப்பில் இருக்கும், நமக்குச் சீனா. ஒரே வாரம், இரண்டு உலகம். அதேபோல் 1962 மார்ச்சில் ஜாக்குலின் கென்னடி இந்தியா வந்ததை இரு பக்கமும் எப்படி எழுதின என்று பார்க்கலாம். அமெரிக்க இதழ் அவர் உடையைப் பற்றி எத்தனை வரி எழுதியிருக்கிறது என்று எண்ணுவது நல்ல பொழுதுபோக்கு.

கோதுமை வயல் படங்களையும் தாண்டிப் போகாதீர்கள். 1960 மே மாதம் போட்ட பி.எல். 480 (அமெரிக்க உணவு உதவிச் சட்டம்) ஒப்பந்தத்தில் நான்கு வருடத்துக்கு 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அரிசிச் சோறு உண்ட ஊரில் கோதுமை வரிசையில் நின்றவர்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பக்கத்தைக் காட்டி அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள்.

படம் எடுத்து வைப்பது

லைஃப் ஏ4 ஸ்கேனரில் அடங்காது. மூடியை அழுத்திப் பார்த்தால் முதுகு முறியும். செல்போன் கேமரா போதும். இதழைத் தரையில் தட்டையாக வைத்து, போனை நேர் மேலே நிலையாகப் பொருத்தி, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி விளக்கு வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பளபளப்பில் வெள்ளைத் திட்டு விழும். எடுக்கும் பக்கத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளைச் செருகுங்கள், மறுபக்க அச்சு தெரியாது. ஸ்கேனரில் எடுக்கிற சின்ன இதழுக்கு 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் எடுத்தால் அச்சுப் புள்ளிகள் அலை அலையாகக் கோலம் போடும். 600-ல் எடுத்துப் பிறகு பாதியாகக் குறையுங்கள். கோப்புக்குப் பெயர் வருடம், மாதம், நாள், இதழ், பக்கம் என்ற வரிசையில். விளம்பரப் பக்கத்தையும் விடாமல் எடுங்கள்.

வீட்டில் பார்க்க எடுப்பது வேறு, இணையத்தில் மொத்தமாக ஏற்றுவது வேறு. பழசு என்பதாலேயே உரிமை காலாவதி ஆகிவிடாது. படங்களுக்கு உரிமையாளர் இன்னும் இருக்கிறார்கள்.

எங்கே வைப்பது

ஓட்டு வீட்டு மச்சு வேண்டாம், சித்திரையில் அடுப்பு. தட்டட்டி (மொட்டை மாடி) வீட்டுப் பரணில் ஒழுகல் பயம். அரங்கு, அதாவது சாமான் வைக்கும் உள்ளறை, இருட்டாக இருப்பது நல்லதுதான், ஆனால் காற்றோட்டம் இல்லை. இரும்பு பீரோவின் நடுத்தட்டு, அதுவும் வெளிச்சுவரில் ஒட்டாமல் மூன்று நான்கு அங்குலம் தள்ளி நிற்கும் பீரோ, சரியான இடம். பெரிய இதழ்களைப் படுக்கவைத்து, பத்து அங்குல உயரத்துக்கு மேல் அடுக்காமல் வையுங்கள். நிற்கவைத்தால் தொய்ந்து வளையும். கடையில் கிடைக்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் ஃபோல்டர் பெரும்பாலும் பி.வி.சி., நாளடைவில் பிசுபிசுத்து அச்சை இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை வாங்க முடிந்தால் ஒரு பக்கம் திறந்த உறையாக வாங்குங்கள். முடியாவிட்டால் இரண்டு முறை துவைத்துக் கஞ்சி போன காடாத்துணியில் சுற்றுவதே மேல்.

பாச்சை உருண்டை போடவேண்டாம், மூடிய அறையில் மூச்சுக்குக் கெடுதல். வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைக்கலாம். வேப்பிலை வைப்பதானால் நிழலில் சருகாகக் காய்ந்தபின் வையுங்கள், பச்சையாக வைத்தால் நீங்களே ஈரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். சிலிக்கா ஜெல் காற்றுப் புகாத டப்பாவில்தான் வேலை செய்யும். கதவு இடுக்குள்ள பீரோவில் போட்டால் ஊர் ஈரத்தை எல்லாம் அதுவே குடித்து இரண்டு நாளில் ஓய்ந்துவிடும். சின்ன ஈரமானி ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள். 45-லிருந்து 55 சதவீதம் நல்லது, 65-ஐத் தாண்டி நின்றால் பூசணத்துக்கு அழைப்பு. புரட்டாசி கடைசியில் ஒரு முறை, தைப்பொங்கலுக்குச் சுத்தம் செய்யும்போது ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துத் திரும்ப அடுக்குங்கள்.

விலை கேட்டு ஆள் வருவார்கள். கென்னடி இறந்த வாரத்து லைஃப் பொக்கிஷம் என்பார்கள். அந்தக் காலத்தில் லைஃப் வாரத்துக்கு 70 லட்சம் பிரதி அளவில் போனது, கென்னடி இதழை அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு எடுத்துவைத்தார்கள். ஆகவே அதற்குப் பெரிய விலை கிடையாது. இங்கே அரிதாகக் கிடைப்பது அதைவிட, தொடர்ச்சி விடாத ஸ்பேன் முதல் வருடக் கட்டும், உள்ளூர் வாசகர் பென்சிலால் தமிழில் குறிப்பு எழுதிய பிரதியும்தான். அந்தக் குறிப்பை அழிரப்பரால் அழித்துவிடாதீர்கள்.